மானுக்குத் தீவனம் பயிரிடுவது: மிச்சிகனில் நிலம் வாங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மிச்சிகனின் கீழ்ப் பாதியில் பத்து, இருபது ஏக்கர் காடும் தரிசும் வாங்கி, மான் வேட்டையில் இறங்கியிருக்கும் நண்பர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. இங்கே உள்ள தேதிகள் தெற்கு மிச்சிகனுக்கானவை. வடக்கே போகப் போக விதைப்பை பத்துப் பதினைந்து நாள் முன்னுக்குத் தள்ளிக்கொள்ளுங்கள். அளவுகளைப் பெரும்பாலும் அரை ஏக்கருக்கு, அதாவது 50 சென்ட்டுக்குக் கொடுத்திருக்கிறோம். முதல் தடவை அதற்கு மேல் போட வேண்டாம்.

ஃபுட் பிளாட்னா என்ன? மானுக்குத் தோட்டம் போடறதா?

ஏறக்குறைய அதேதான். காட்டுக்குள்ளோ காட்டோரத்திலோ ஒரு துண்டு நிலத்தைத் திருத்தி, வெள்ளைவால் மான் விரும்பித் தின்னும் பயிரை விதைத்து, அறுவடை செய்யாமல் மேயவிடுவது. மிச்சிகனில் வில் வேட்டை அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. துப்பாக்கிப் பருவம் நவம்பர் 15 முதல் 30 வரை. அந்த இரண்டு மாதமும் திட்டு பச்சையாக இருக்க வேண்டும் என்பதை வைத்தே மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டும்.

இது இரை போட்டுப் பிடிக்கற மாதிரி இல்லையா? சட்டப்படி சரியா?

சட்டம் இரண்டையும் வேறாகத்தான் பார்க்கிறது. கீழ் மிச்சிகன் முழுவதும் மானுக்கு இரை போடுவது 2019 ஜனவரி 31 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. மாற்றுத்திறனாளி வேட்டைக்காரர்களுக்குச் சில விலக்குகள் உண்டு. வேரோடு நிற்கும் பயிருக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் உங்கள் திட்டில் விளைந்த டர்னிப் கிழங்கையே பிடுங்கி வந்து பரணுக்குக் கீழே குவித்தால் அது இரைதான். மரத்திலிருந்து தானாக விழுந்த ஆப்பிள் சரி, கடையில் வாங்கிக் கொட்டிய ஆப்பிள் தவறு.

தடைக்கு முக்கியக் காரணம், மான்களை மெலிந்து சாகவைக்கும் சி.டபிள்யூ.டி. என்ற நோய். பிரியான் என்னும் புரதத்தால் வருவது, மருந்து கிடையாது, மண்ணில் பல வருடம் தங்கும். ஒரே குவியலில் பத்து மான் வாய் வைத்தால் எச்சில் வழியே பரவ வாய்ப்பு அதிகம். பரந்த பயிரில் மேயும்போது மூக்கோடு மூக்கு உரசுவது குறைகிறது. அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. விதிகள் மாறக்கூடியவை என்பதால் மாநில இயற்கை வளத் துறையின் அந்தந்த ஆண்டு வேட்டை விதிக் கையேட்டை ஒருமுறை படித்துவிடுங்கள்.

எவ்வளவு இடம் வேணும்? கால் ஏக்கர் போதுமா?

பக்கத்தில் உட்கார்ந்து வில்லால் எய்யத்தான் என்றால் 25 முதல் 50 சென்ட் போதும். மானுக்கு நிஜமாகத் தீனி கொடுக்க வேண்டும் என்றால் ஒன்று முதல் மூன்று ஏக்கர் தேவைப்படும். சோயா போன்ற பயிரைச் சின்னத் திட்டில் போட்டால் இரண்டு இலை விட்டதுமே மேய்ந்து தீர்த்துவிடும்.

இடத்தைக் கண்ணளவில் மதிப்பிடாதீர்கள். மரங்கள் சூழ்ந்த வெட்டவெளி உண்மையில் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். அரை ஏக்கர் என்று நினைத்து விதை வாங்குவார்கள், அளந்தால் 30 சென்ட்தான் இருக்கும். விதை நெருங்கி விழுந்து பயிர் நோஞ்சானாகிவிடும். 100 அடிக்கு 109 அடி என்றால் கால் ஏக்கர். போனில் உள்ள வரைபடத்தில் ஓரங்களைத் தொட்டு அளந்தாலே போதும்.

எந்த இடத்துல போடறது?

முதலில் வெயில். ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் விழ வேண்டும். க்ளோவர் என்ற தீவனச் செடி கொஞ்சம் நிழலைத் தாங்கும், மற்றவை தாங்காது. அடுத்தது, மான் பகலில் படுக்கும் புதருக்கும் இரவில் போகும் பெரிய மக்காச்சோள, சோயா வயல்களுக்கும் நடுவில் திட்டு அமைய வேண்டும். பெரிய வயலுக்கு இருட்டிய பிறகுதான் போகும். வழியில் உள்ள சின்னத் திட்டில் வெளிச்சம் இருக்கும்போதே நின்று கடிக்கும்.

மூன்றாவதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்: நீங்கள் வந்து போகும் வழி. இலையுதிர் காலத்தில் அங்கே பெரும்பாலும் மேற்கிலிருந்து காற்று அடிக்கும். அப்படியானால் பரண் திட்டுக்குக் கிழக்கே இருக்க வேண்டும், நீங்கள் வருவதும் கிழக்கிலிருந்தே. உங்கள் வாசனை படுக்கைப் புதருக்குப் போகிற மாதிரி வழி இருந்தால், அந்த இடம் எவ்வளவு வளமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பள்ளங்களில் காற்று சுழலும், பனியும் முதலில் அங்கேதான் இறங்கும்.

மண் பரிசோதனை அவசியமா? கடையில பி.எச். கிட் வாங்கினா போதாதா?

போதாது. கடைக் கிட் மண்ணின் அமிலத்தன்மையை மட்டும் சொல்லும், எவ்வளவு சுண்ணாம்பு போட வேண்டும் என்பதைச் சொல்லாது. பி.எச். 5.5 காட்டும் மணலுக்கும் 5.5 காட்டும் களிமண்ணுக்கும் தேவைப்படும் அளவு வேறு வேறு. ஆய்வகத்தில் அதற்கென்று தனிச் சோதனை செய்து, ஏக்கருக்கு எத்தனை டன் என்று எழுதித் தருவார்கள். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவு இதைச் செய்கிறது.

மாதிரி எடுக்கும்போது திட்டில் 10 முதல் 15 இடங்களில், மேலே உள்ள சருகைத் தள்ளிவிட்டு, ஆறு அங்குல ஆழம் வரை மண் எடுங்கள். பிளாஸ்டிக் வாளியில் கலந்து, நிழலில் உலர்த்தி, இரண்டு கப் அனுப்பினால் போதும். துத்தநாகம் பூசிய இரும்பு வாளி வேண்டாம், துத்தநாக அளவைத் தப்பாகக் காட்டும்.

சுண்ணாம்புன்னா நாம வெத்தலைக்குப் போடறதா?

இல்லை. அது நீற்றிய சுண்ணாம்பு, கையையும் செடியையும் பொசுக்கும். இங்கே வேண்டியது அரைத்த சுண்ணாம்புக்கல் பொடி. அமில மண்ணுக்கு ஏக்கருக்கு ஒன்று முதல் மூன்று டன் வரை கேட்பது சாதாரணம். 50 சென்ட்டுக்கு ஒரு டன் என்று வந்தால், 40 பவுண்டு பை ஐம்பது. இந்தக் கணக்கைப் பார்த்ததும் பத்துப் பையோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் அதிகம். பிறகு க்ளோவர் மஞ்சளாகி நிற்கும்.

குருணையாக்கி விற்கும் சுண்ணாம்பு கையால் தூவ வசதி, விலை கூடுதல். உள்ளே இருப்பது அதே கல்தான் என்பதால் அளவு பெரிதாகக் குறையாது. மண்ணோடு வினை புரிய ஆறு மாதமாவது பிடிக்கும். அதனால் இந்த இலையுதிர் காலத்தில் போட்டால் அடுத்த கோடைக்குப் பலன். உழுது கலந்தால் வேகம் கூடும். உழ முடியாமல் மேலாகத் தூவுவதாக இருந்தால் ஒரே தடவையில் ஏக்கருக்கு இரண்டு டன்னுக்கு மேல் போடாதீர்கள்.

முதல் வருஷம் எதைப் போடலாம்? தப்பு பண்ணாலும் வரணும்.

குளிர்கால ரை. சந்தேகமே வேண்டாம். மணலிலும் அமில மண்ணிலும் வரும், மேலாகத் தூவினாலே முளைக்கும், மற்றவை நின்றுபோன குளிரிலும் வளரும், பனிக்கட்டிக்கு அடியில் பச்சையாகக் கிடந்து மார்ச்சில் முதலில் தலைதூக்கும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவுக்குள் விதையுங்கள். 50 சென்ட்டுக்கு ரை 40 பவுண்டு, ஓட்ஸ் 20 பவுண்டு, சிவப்பு க்ளோவர் 4 பவுண்டு. ஓட்ஸ் அக்டோபரில் இனிப்பாக இருந்து கடும்பனியில் செத்துவிடும். அதற்குள் ரை பொறுப்பை எடுத்துக்கொள்ளும். க்ளோவர் அடுத்த வசந்தத்தில் எழும்.

கடையில் கேட்கும்போது கவனம். ரை வேறு, ரைகிராஸ் வேறு. முன்னது கோதுமை மாதிரியான தானியம், விதை பெரிதாக இருக்கும். பின்னது புல், விதை சன்னமாக, இலேசாக இருக்கும், ஒருமுறை புகுந்தால் அடுத்த பயிர்களில் களையாக வந்து நிற்கும். பெரிய கொம்புள்ள மான் படம் போட்ட பைகளில் ரைகிராஸ் மலிவு நிரப்பியாகச் சேர்ந்திருப்பது உண்டு. பையின் பின்னால் தைத்திருக்கும் சீட்டில் எந்த விதை எத்தனை சதவீதம், முளைப்புத்திறன் எவ்வளவு, எந்த மாதம் சோதித்தது என்று இருக்கும். படத்தை விட்டுவிட்டு அந்தச் சீட்டைப் படியுங்கள்.

டர்னிப், முள்ளங்கி எல்லாம் எப்போ? போட்டேன், மான் மோந்துகூடப் பார்க்கலையே?

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது இதற்கு அப்படியே பொருந்துகிறது. ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை விதைத்தால், கடும்பனிக்கு முன் 60 முதல் 90 நாள் கிடைக்கும். 50 சென்ட்டுக்கு டர்னிப் 1 பவுண்டு, நீள முள்ளங்கி இரண்டரை பவுண்டு. கைப்பிடி அளவாகத் தெரியும், பயப்படாதீர்கள். விதை கடுகு போலத்தான் இருக்கும். மணலோடு கலந்து, பாதியைத் தெற்கு வடக்காகவும் பாதியைக் கிழக்கு மேற்காகவும் நடந்து தூவினால் சீராக விழும். அடர்த்தியாகப் போட்டால் கிழங்கு திரளாமல் இலை மட்டும் நெருக்கியடித்து நிற்கும்.

இந்தக் கடுகுக் குடும்பத்துக்குத் தழைச்சத்து நிறைய வேண்டும். 50 சென்ட்டுக்கு யூரியா 65 பவுண்டு போடலாம். மழை வருவதற்குச் சற்று முன்னால், இலை உலர்ந்திருக்கும்போது தூவுங்கள். ஈர இலையில் ஒட்டினால் கருகும், மழையில்லாமல் மேலேயே கிடந்தால் காற்றோடு போய்விடும்.

மான் தொடாததற்கு இரண்டு காரணம். ஒன்று, பனி விழுமுன் இலை காரமாக, கசப்பாக இருக்கும். சில கடும்பனிக்குப் பிறகு இனிப்பு ஏறும், அப்போது விழுந்து விழுந்து தின்னும். கிழங்கைத் தோண்டுவது பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில். இரண்டு, அந்தப் பக்கத்து மான்கள் இதுவரை பார்க்காத பயிர் என்றால் பழக ஒன்றிரண்டு வருடம் ஆகலாம். அதனால் முழுத் திட்டிலும் இதையே போடாமல் பாதியில் ரை இருக்கட்டும். ஒரே இடத்தில் தொடர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் வேண்டாம், வேர் முடிச்சு நோய் தங்கிவிடும்.

வருஷா வருஷம் விதைக்காம ஒரே தடவை போட்டுட்டு விட முடியாதா?

வெள்ளை க்ளோவர் அப்படிப்பட்டது. பராமரித்தால் மூன்று முதல் ஐந்து வருடம் நிற்கும். ஆனால் பி.எச். 6-க்கு மேல் வேண்டும், அதற்குக் கீழே காசைக் கரைக்காதீர்கள். 50 சென்ட்டுக்கு 4 பவுண்டு. கால் அங்குலத்துக்கு மேல் புதைந்தால் வெளியே வராது. மார்ச்சில் இரவு உறைந்து பகலில் இளகும் நாட்களில், சென்ற ஆண்டின் ரை திட்டு மேல் தூவினாலே போதும். மண் வெடித்து மூடும்போது விதையைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பயறு வகை என்பதால், வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும் ரைசோபியம் நுண்ணுயிரால் விதை நேர்த்தி தேவை. ஊரில் ஆறிய கஞ்சியில் கலந்து நிழலில் உலர்த்துகிறோமே, அதே நுட்பம்தான். பெரும்பாலான க்ளோவர் விதை ஏற்கெனவே பூசப்பட்டே வரும். பூச்சின் எடை மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இருக்கும், அதைக் கழித்துக் கணக்கிடுங்கள். யூரியா போடாதீர்கள், அது புல்லைத்தான் கொழுக்கவைக்கும். களை தலைக்கு மேல் போகும்போது ஆறு முதல் எட்டு அங்குலம் விட்டு வெட்டுங்கள். ஜூலை வறட்சியில் வெட்டினால் வேர் காய்ந்துவிடும்.

என்கிட்ட டிராக்டர் இல்ல. ஒரு ஏ.டி.வி.யும் (காட்டுல ஓட்டற சின்ன நாலு சக்கர வண்டி) முதுகுல மாட்டற தெளிப்பானும்தான் இருக்கு.

ரை, டர்னிப், க்ளோவர் மூன்றுக்கும் அது போதும். ஆகஸ்டில் களை ஓரளவு பச்சையாக வளர்ந்து நிற்கும்போது கிளைபோசேட் களைக்கொல்லி தெளித்து, பத்துப் பதினைந்து நாள் விடுங்கள். நல்ல மழை வருவதற்கு முந்தின நாள் விதையை நிற்கும் களைக்குள்ளேயே தூவி, பிறகு களையை வெட்டிச் சாயுங்கள். சாய்ந்த களை மூடாக்காக ஈரத்தைக் காக்கும். காட்டுத் தரை என்றால் சருகை வாரியோ ஊதியோ தள்ளியே ஆக வேண்டும். சருகின் மேல் விழுந்த விதை முளைத்து, வேர் மண்ணைத் தொடாமல் காய்ந்துபோகும்.

உழுதிருந்தால் விதைக்கு முன்னும் பின்னும் மண்ணை அமுக்க வேண்டும். ஏ.டி.வி. டயரை வரிவரியாக ஓட்டினாலே போதும். நடந்து பாருங்கள்: பூட்ஸ் தடம் அரை அங்குலத்துக்கு மேல் பதிந்தால் புழுதி இன்னும் தளர்வாக இருக்கிறது, சின்ன விதை ஆழத்தில் விழுந்து மாட்டிக்கொள்ளும். சோயா, பட்டாணி போன்ற பெரிய விதைகள் இந்தத் தூவும் முறைக்கு ஒத்துவராது.

முளைச்சுது, ரெண்டு வாரத்துல காணாமப் போச்சு. மான் தின்னுதா, செத்துப்போச்சா?

ஊகம் வேண்டாம், கூண்டு வையுங்கள். ஐந்தடி உயரக் கம்பி வலை 13 அடி வாங்கி வளைத்துக் கட்டினால் நாலடி அகல வட்டம் வரும். விதைத்த அன்றே திட்டின் நடுவில் முளையடித்து நிறுத்திவிடுங்கள். மூன்று வாரம் கழித்துக் கூண்டுக்குள் முழங்கால் உயரம், வெளியே தரை மட்டம் என்றால் மான் அதிகம், இடம் குறைவு. உள்ளேயும் வெளியேயும் ஒரே மாதிரி மஞ்சளாக இருந்தால் மண்ணைப் பாருங்கள், மேலே சுண்ணாம்பு பற்றிச் சொன்னது அங்கே உதவும். உள்ளேயும் வெறுமை என்றால் விதை ஆழமாகப் போயிருக்கும், அல்லது மழை ஏமாற்றியிருக்கும்.

மேய்ச்சல் அதிகம் என்று தெரிந்தால், செப்டம்பர் நடுவுக்குப் பிறகும் ரையை மறுபடி மேலே தூவலாம். வேறு எந்தப் பயிரும் அந்தத் தாமதத்தை மன்னிக்காது.

க்ளோவர்ல புல் ஏறிடுச்சு. எந்த மருந்து?

புல்லுக்குக் கிளெத்தோடிம். க்ளோவரை ஒன்றும் செய்யாது, ஆனால் அதே திட்டில் உள்ள ரையையும் ஓட்ஸையும் கொன்றுவிடும். அகல இலைக் களைக்கு 2,4-டிபி (2,4-DB) என்ற மருந்து உண்டு. ஒரே ஒரு எழுத்து குறைந்த 2,4-டி வேறு மருந்து, அது க்ளோவரையும் தாக்கும். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தாலும் சீட்டை நீங்களே படியுங்கள். அளவும் காத்திருப்பு நாளும் சீட்டில் உள்ளபடிதான்.

நம்ம ஊர் மொச்சை, தட்டைப்பயறு போட்டா வருமா?

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இந்த இரண்டுமே மானுக்கான கோடைப் பயிர்கள்தான். லேப்லேப் என்று அங்கே விற்பது நம் மொச்சை, அவரைக் குடும்பமே. ரியோ வெர்டே என்ற ரகத்தை டெக்ஸாஸில்தான் உருவாக்கினார்கள். மிச்சிகனில் மண் சூடேற ஜூன் ஆகிவிடும், முதல் பனியிலேயே செடி கருகிவிடும். கோடையில் சத்தான தீனியாக இருக்கும், நவம்பர் வேட்டைக்கு ஒன்றும் மிஞ்சாது. சின்னத் திட்டில் அதற்கும் முன்பே தீர்ந்துவிடும். மளிகைக்கடைப் பயறுக்கு முளைப்புத்திறன் உத்தரவாதமும் இல்லை.

பயிர் பிரமாதமா இருக்கு. ஆனா கேமராவுல ராத்திரி மட்டும்தான் மான். ஏன்?

பெரும்பாலும் காரணம் நீங்கள்தான். மானுக்கு உங்கள் வாசனையும் கால்தடமும் பகலில் கிடைக்கிறது, அதனால் இரவை எடுத்துக்கொள்கிறது. கேமராப் படம் பார்க்க வாரம் இரண்டு முறை திட்டுக்குள் நடப்பது, காற்று சரியில்லாத நாளிலும் ஆசைக்கு உட்காருவது, எல்லாவற்றையும்விட, இருட்டிய பிறகு மான்கள் மேய்ந்துகொண்டிருக்கும்போதே பரணிலிருந்து இறங்குவது. அப்படி ஒருமுறை கலைந்த பெண் மான் அடுத்த தடவை திட்டுக்குள் கால் வைக்குமுன் அந்த மரத்தையே நிமிர்ந்து பார்க்கும். மாலை வேட்டை முடிந்தால், தெரிந்தவரை ஏ.டி.வி.யில் திட்டுக்குள் வரச் சொல்லுங்கள். வண்டிக்கு ஒதுங்கும், மனிதன் அங்கே ஒளிந்திருந்தான் என்று கற்றுக்கொள்ளாது. வழியை மறைக்கத் திட்டோரம் உயரமான சோளத்தை ஒரு பத்தடிப் பட்டையாக விதைக்கலாம்.

அக்டோபரில் இன்னொரு காரணமும் சேரும். வெள்ளை ஓக் கொட்டை உதிரும் வாரங்களில் மான் எந்தப் பயிரையும் விட்டுவிட்டு மரத்தடிக்குப் போய்விடும். அது பயிரின் குறையில்லை. கொட்டை தீர்ந்ததும் திரும்பும். நவம்பரில் இணைசேரும் பருவம் வரும்போது பெண் மான்கள் திட்டில் நிற்கும். ஆண் மான் பெரும்பாலும் உள்ளே வராமல், காற்று வீசிப் போகும் ஓரத்தில் மோந்துகொண்டே கடக்கும். வில்லுக்கு 20, 30 கஜத்துக்குள் அந்த ஓரம் வருகிற மாதிரி பரணை வையுங்கள்.

யூரியா, களைக்கொல்லி போட்ட இடத்துல மேஞ்ச மானைச் சாப்பிடலாமா?

சீட்டில் உள்ள மேய்ச்சல் இடைவெளியைக் கடைப்பிடித்திருந்தால் கவலையில்லை. யூரியாவைக் குவியலாகச் சிந்திவிடாதீர்கள், மருந்து பூசிய வண்ண விதைகளையும் மேலே கிடக்க விடாதீர்கள், பறவைகள் கொத்தும். கவனிக்க வேண்டியது முன்பு சொன்ன சி.டபிள்யூ.டி. இதுவரை மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான சான்று இல்லை. ஆனாலும் நோய் உள்ள பகுதியில் அடித்த மானின் கழுத்து நிணநீர் முடிச்சைப் பரிசோதிக்கச் சொல்லியும், நோய் இருந்தால் சாப்பிட வேண்டாம் என்றும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்துகிறது. முடிவு வரும் வரை இறைச்சியைத் தனியாக உறைநிலையில் வையுங்கள்.

நான் எச்-1பி-ல இருக்கேன். நிலம் என்னுது. துப்பாக்கி எடுக்கலாமா?

நிலம் உங்களுடையது என்பது இதில் உதவாது. கூட்டாட்சிச் சட்டப்படி எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கப் பொதுவாகத் தடை. நண்பருடையதை வாங்கிக் கையில் வைத்திருப்பதும் அதில் அடங்கும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது விலக்குகளில் ஒன்று. ஆகவே உரிமம் முதலில், துப்பாக்கியைத் தொடுவது பிறகு. தவறினால் விசாவே போகும் விஷயம், வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். வில் இந்தத் தடையில் வராது, உரிமம் மட்டும் வேண்டும். 1960 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் உரிமத்துக்கு முன் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்திருக்க வேண்டும்.

ஊர்ல நம்ம தோட்டத்துக்கே புள்ளிமான் வருதே, அங்கேயும் இப்படிப் பண்ணலாமா?

கூடவே கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடுவது குற்றம், உங்கள் சொந்த வயலில் நின்றாலும் குற்றம்தான். அதே புள்ளிமான் 1930-களில் டெக்ஸாஸில் கொண்டுபோய் விடப்பட்டுப் பெருகி, அங்கே ஆண்டு முழுவதும் வேட்டையாடப்படுகிறது. இரண்டு நாட்டுச் சட்டத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அம்பு பட்ட மான் பக்கத்து நிலத்துக்குள்ள ஓடிடுச்சு. போய் எடுக்கலாமா?

உரிமையாளரின் அனுமதி இல்லாமல் வேலியைத் தாண்டக் கூடாது. மான் உங்களுடையது என்ற வாதம் செல்லாது. நல்ல இடத்தில் அம்பு பட்ட மானே நூறு, நூற்றைம்பது கஜம் ஓடிவிடும். அதனால்தான் எல்லையை ஒட்டித் திட்டுப் போட வேண்டாம் என்கிறோம். பத்து ஏக்கரில் வேறு வழியில்லை என்றால், பருவம் தொடங்குமுன்பே, ஆகஸ்டில் விதைக்கும்போதே, பக்கத்து நிலக்காரரைப் போய்ப் பார்த்து எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஆள் குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 450 அடிக்குள் துப்பாக்கியால் வேட்டையாடவும் அவர் அனுமதி தேவை. இரண்டையும் ஒரே சந்திப்பில் பேசிவிடலாம்.